ஒன்றரை அலை

மே 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். என் பக்கத்துக் கூரை இந்த மழையைத் தாங்காது. முகட்டை ஒட்டி விரலால் அழுத்தினால் தகரம் அப்பளம் போல உதிர்கிறது. மேற்கு வீட்டுத் தகரம் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் அப்பா போட்டவை. அவள் வருடந்தோறும் சித்திரையில் சிவப்பு பெயிண்ட் அடிக்கிறாள். நான் அடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

மேற்கு வீடு என்று நான் எழுதுவது என் அக்கா ஆரோக்கியமேரியை. அப்பா கட்டியது ஒரே நீள வீடு, அதற்கு ஒரே கூரை. எட்டு வருடத்துக்கு முன் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். அப்பா படுக்கையில் கிடந்தபோதெல்லாம் மலம் அள்ளியது தான் ஒருத்திதான் என்று அவள் சொல்வாள். இருக்கலாம். நான் அப்போது கோயம்புத்தூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். அது முறிந்ததும் வால்பாறைக்குத் திரும்பி வந்து, சட்டப்படி பாதி கேட்டேன். சட்டப்படி கிடைத்தது.

ஏணியிலிருந்து இறங்கும்போது அவள் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். கோழியிடம் சொன்னாள்: “சல்லடைக்குக் கீழ எங்கம்மாவை அனுப்ப மாட்டேன். அந்தோணியாரே வந்து சொன்னாலும் அனுப்ப மாட்டேன்.”

எங்கம்மாவாம்.

அம்மா அரை வருடம் அங்கே, அரை வருடம் இங்கே. மாறும் நாள் அந்தோணியார் திருநாள், ஜூன் 13. அதற்குள் எனக்குக் கூரை வேண்டும்.

மே 13

கடையில் எனக்கே ஒரு எஸ்டிமேட் எழுதிக்கொண்டேன். கூரைத் தகரக் கடையில் கணக்கெழுதி, எஸ்டிமேட் போட்டு ஏழு வருடம் ஆகிறது. என் வீட்டுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பெட்டி டிசைன் ஷீட் பார்க்க அழகு. ஆனால் மேற்கு வீட்டின் பழைய அலைத் தகரத்தோடு அது பொருந்தி உட்காராது. ஆகவே நானும் அலைத் தகரமே எடுத்தேன். கரும்பச்சை. சிவப்பைத் தவிர எதுவானாலும் சரி.

மாலையில் ரேஷன் பச்சரிசி வாங்கினேன். புழு.

மே 18, ஞாயிறு

தங்கபாண்டி வந்து அளவெடுத்தார். வேறு ஆள் கிடைத்திருந்தால் இவரைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். மழைக்கு முன் வால்பாறையில் கூரை ஆள் கிடைப்பது கல்யாண முகூர்த்தத்தில் சமையல்காரர் கிடைப்பது போல. ஒரு மண்டபத்துக் கூரையில் இவர் ஸ்க்ரூவை அலையின் மேட்டில் அடிக்காமல் பள்ளத்தில் அடித்து வைத்திருந்தார். தண்ணீர் ஓடும் வழியில் ஓட்டை. மொத்தத்தையும் அவரைக் கொண்டே மாற்ற வைத்தேன். அன்றிலிருந்து அவர் என்னை மேடம் என்று கூப்பிடும்போது அதில் ஒரு முள் இருக்கும்.

“நான் பங்களாக்கு சிலேட்டுக் கல்லு வேஞ்சவன் மேடம்,” என்றார் ஏணியில் நின்றபடி. “சிலேட்டுக்கு ஆணிய இறுக்கி அடிச்சா கல்லு வெடிச்சிடும். தொங்கவிடணும். அந்தக் கை இது. தகரமெல்லாம் எனக்கு வெத்தலை போடற மாதிரி.”

“வெத்தலையைப் போட்டுட்டு வந்து வேலை செய்யாதீங்க. போன தடவை ஷீட்டெல்லாம் துப்பி வச்சிருந்தீங்க.”

சிரித்தார். பிறகு சிக்கலைச் சொன்னார். எனக்குத் தெரிந்ததுதான். இங்கே மழைக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே தகரம் வேய்வதைக் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கு நோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு தகரமும் முந்தியதன் மேல் ஒன்றரை அலை ஏறி உட்காரும். காற்று வரும் பக்கத்துத் தகரம் மேலே, மற்றது கீழே. அப்போதுதான் காற்றால் தண்ணீரை இடுக்குக்குள் தள்ள முடியாது. அந்தக் கணக்குப்படி என் கடைசித் தகரம் மேற்கு வீட்டுத் தகரத்துக்கு அடியில் நுழைய வேண்டும். அதற்கு அவர்கள் ஓரத்து போல்ட்டுகளைக் கழற்றி, தகரத்தைச் சற்றுத் தூக்க வேண்டும்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க மேடம்.”

“நீங்களே கேளுங்க.”

வேலி ஓரம் போய்க் கேட்டார். அவள் குரல் எனக்கும் கேட்டது. எனக்குக் கேட்கத்தான் சொன்னாள். “என் தகரத்துல ஒரு போல்ட்டைத் தொட்டாலும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன் தம்பி. சட்டம் தெரிஞ்சவங்க வீட்ல வேலை பார்க்கறீங்க, பார்த்துச் செய்ங்க.”

சுவரை உயர்த்தி என் கூரையைத் தனியாக்கிவிடலாம். கொத்தனார் வேலை, மரவேலை, ஒரு மாதம் ஆகும். மழை காத்திருக்காது.

மே 24

பழைய தகரத்தைப் பிரித்தாகிவிட்டது. பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்தால் தலைக்கு மேல் வானம். பீரோ, அடுப்பு, கட்டில் எல்லாம் தார்ப்பாய்க்குள். சட்டங்களின் இடுக்கில் எலிக்கூடு ஒன்று. உள்ளே என் பழைய ஜாக்கெட் துணி.

தங்கபாண்டியின் ஆட்கள் ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுக்கப் போனார்கள். தடுத்தேன். மெஷின் பொறி பட்ட இடத்தில் பெயிண்ட் வெந்துபோகும். தூள் ஒட்டிய இடமெல்லாம் ஒரே மழையில் துருப் பிடிக்கும். கத்தரியால் வெட்டச் சொன்னேன்.

“கை வலிக்கும் மேடம்.”

“வலிக்கட்டும்.”

மேற்கு வீட்டில் மீன் குழம்பு. என் வீட்டில் கூரையே இல்லாததால் வாசனை நேராக இறங்கியது. நான் பொரிகடலைச் சட்னி வைத்துக்கொண்டேன்.

மே 26

கிழக்கு ஓரத்திலிருந்து முக்கால் பங்கு முடிந்தது. நூல் பிடித்து ஸ்க்ரூ வரிசை நேராக அடித்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம் இல்லாமல் இல்லை.

சாயங்காலம் அம்மா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எழுபத்தெட்டு வயதில் இரண்டு வாசலுக்கும் தூது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், முப்பது வருடம் ஆயாவாக இருந்தவள். அழுகிற பிள்ளைகளுக்கு நடுவே அதட்டிப் பேசிய குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

“மேரி சரிங்கறா. போல்ட்டைக் கழட்டிக்கட்டும், நான் நின்னு பார்த்துக்கறேன்னா.”

எனக்கு நம்ப முடியவில்லை. “வேற என்ன சொன்னா?”

“வேற என்ன? ஒண்ணுமில்ல.”

“ம்மா.”

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “என்ன இருந்தாலும் அவ தகரம் என் தகரத்துக்குக் கீழதானே வந்தாகணும், வரட்டும்னா. வாயிதானேடி. பேசிட்டுப் போறா. உனக்குத் தேவை கூரையா, அவ வாயா?”

அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். ஆறும்வரை காத்திருந்து குடித்தாள். போகும்போது, “வேண்டாம்னு முடிவு பண்ணிட்ட, இல்ல?” என்றாள்.

மே 27

கடைசித் தகரம். அக்காள் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்பானர் வைத்திருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

தங்கபாண்டி கூரை மேலிருந்தே கேட்டார், தெருவுக்கே கேட்கும்படி. “மேடம், கடைசி ஷீட்டு மேலயா, கீழயா?”

“மேல.”

“காத்து மேற்கால இருந்து வரும்.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொல்றீங்க?”

“மேல போடுங்க.”

“கேட்டுக்கிட்டீங்களாப்பா,” என்றார் ஆட்களைப் பார்த்து. “நாளைக்கு மாதா கோயில்ல சத்தியம் கேட்டா சொல்லணும்.”

அவளுடைய தகரத்தில் ஸ்க்ரூ அடிக்க முடியாது. ஆகவே ஒன்றரை அலை மேலே ஏற்றி, இடையில் சீலிங் டேப் ஒட்டி, ஸ்க்ரூவை அவள் ஓரத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டோம். மற்ற இணைப்பெல்லாம் முறைப்படி. இது ஒன்று மட்டும்தான். டேப் நல்ல டேப். நானே தேர்ந்தெடுத்தது.

அவள் எழுந்து நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 3

முதல் மழை. நேராக விழுந்த தூறல். ஒரு சொட்டு இறங்கவில்லை. பச்சைக் கூரையில் மழைச் சத்தம் இதமாக இருக்கிறது. சுவரை ஒட்டி அம்மாவின் இரும்புக் கட்டிலைப் போட்டு, புதுப் போர்வை விரித்தேன். சுவர் ஓரம்தான் வேண்டும் என்பாள், சாய்ந்துகொள்ள.

ஜூன் 13, வெள்ளி

அம்மா வந்துவிட்டாள். தேர் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு. பையில் நாலு சேலை, ஜெபமாலை, வீசிங் மருந்து உறிஞ்சும் நீலக் குழாய். மேற்கு வீட்டுக்காரி வாசல்வரை வந்து பையை வைத்துவிட்டு, என் கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அம்மா, மேலே பார்த்து. அதற்காகவே கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

ஜூன் 16

காற்று திரும்பிவிட்டது. இணைப்பில் தகரத்தின் ஓரம் லேசாகப் படபடக்கிறது. பழகிவிடும்.

ஜூன் 17

சுவரின் மேல்பக்கம் ஒரு கையகலம் ஈரம். எட்டு வருடத்துச் சுவர், உள்ளுக்குள் ஈரம் இருந்திருக்கும். வெயில் வந்தால் காயும்.

ஜூன் 19

ஈரம் கட்டிலின் தலைமாடுவரை இறங்கியிருக்கிறது. அம்மா தலையணையைத் தொட்டுப் பார்த்து, “ஒழுகுதாடி?” என்றாள்.

“ஒழுகல. சுவர் வேர்க்குது.”

“சுவர் வேர்க்குமா?”

“குளிருக்கு வேர்க்கும்.”

அம்மா இருமினாள். கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தலாம்தான். ஆனால் அது இரும்புக் கட்டில், தரை சிமெண்டுத் தரை. இழுத்தால் சத்தம் மேற்கு வீட்டுக்குக் கேட்கும். எதற்கு இழுக்கிறேன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். தலையணையை மட்டும் மாற்றினேன். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் பழைய ஃப்ளெக்ஸ் துணி ஒன்றைச் சொருகினேன்.

ஜூன் 20

கடையில் சம்பளக் கணக்கு. நாள் முழுக்கக் கூட்டல் தப்பிக்கொண்டே இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

தங்கபாண்டியை வரவழைத்தேன். வாசல்படியில் நின்றே உள்ளே அண்ணாந்து இணைப்பைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். மேற்குக் காற்று அடிக்கும்போது தண்ணீர் என் தகரத்துக்கு அடியில் நுழைந்து, அவளுடைய தகரத்தின் ஓரம்வரை ஓடி, அங்கே என் வீட்டுக்குள் விழுகிறது. மேற்கு வீட்டில் ஒரு துளி கிடையாது.

“சிலிக்கான் அடிங்க,” என்றேன்.

“நனைஞ்ச தகரத்துல சிலிக்கான் பிடிக்காது மேடம். எஸ்டிமேட் எழுதறவங்களுக்குத் தெரியாததா?”

“அப்ப என்னதான் செய்யறது?”

“எதைச் செய்யணும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதோ உள்ள இருமிக்கிட்டிருக்கற ஆத்தாவுக்கும் தெரியும். ரெண்டு நாள் மழை வெறிக்கணும். அவங்க தகரத்தைத் தூக்கணும். அவங்ககிட்டக் கேட்கணும்.” சிரித்துக்கொண்டே குடையை விரித்தார். “போன தடவை அவங்களே தரேன்னாங்க. இப்ப தருவாங்களோ மாட்டாங்களோ.”

அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

ஜூன் 25

அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆவி வைத்து அனுப்பினார்கள். “வீட்ல ஈரம் இருக்கா?” என்று நர்ஸ் கேட்டாள். வால்பாறையில் யார் வீட்டில்தான் ஈரம் இல்லை என்றேன். அம்மா நர்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 27

தகரம் படபடக்கிறது. மேற்கு வீட்டிலிருந்து சுவரில் இடிக்கிறாள். எதற்கு இடிக்கிறாள், தகரச் சத்தத்துக்கா, இருமலுக்கா? நானும் திருப்பி இடித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலையிலேயே அவள் வந்தாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக என் நடைக்குள் கால் வைக்கிறாள். குடையை மடக்கவில்லை, அப்படியே விரித்துக்கொண்டு கட்டில்வரை போய் நின்றாள்.

“வீட்டுக்குள்ள எதுக்குக் குடை?” என்றேன்.

“உன் வீடுன்னா வேணும்ல.”

குனிந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் விழுந்தது.

“அது டீ கொட்டினது,” என்றேன்.

“எத்தனை டம்ளர்டி குடிச்சாங்க?” என்றாள் அவள். பிறகு அம்மாவிடம் திரும்பி, “எந்திரிங்க, போலாம்.”

“இது என் ஆறு மாசம். டிசம்பர் வரைக்கும் என்னோடது.”

“அம்மா என்ன பஞ்சாயத்து பைப்பா, முறை வச்சுப் பிடிக்க?”

“நீதானே முறை வச்சே.”

“ஆமா. நீ பாதி கேட்டே, பாதியா வச்சேன். எது எதைப் பாதியாக்கணும்னு ஒரு கணக்கு வேண்டாமா உனக்கு? பி.காம் படிச்சவதானே.”

நானும் பேசினேன். எழுத முடியாததையெல்லாம் பேசினேன். அப்பாவின் மோதிரம்வரை போனது. அவளும் விடவில்லை, என் புருஷன் ஏன் போனான் என்பதற்குத் தன்னிடம் இருந்த காரணங்களை எண்ணி எண்ணிச் சொன்னாள். நடுவில் அம்மா தானே எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டாள். பையைத் தேடினாள்.

“நீங்களும் அவ பேச்சைக் கேட்டுக்கிட்டு,” என்றேன். “கொஞ்சம் ஈரம். வெயில் அடிச்சா சரியாப் போயிடும். இதுக்குப் போய்…”

அம்மா இருமி முடிக்கும்வரை கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: “ஒழுகுறதுக்காகப் போகலடி. நான் ஒழுகாத வீட்ல எப்ப இருந்தேன்? தோட்டத்து லயத்துல உன்னைப் பெத்தப்ப தலைக்கு மேல ரெண்டு சட்டி வச்சிருந்துச்சு. நீ ஒழுகல ஒழுகலங்கறியே, அதைக் கேட்டுக்கிட்டு நனைய முடியல.”

குடை போதவில்லை. அக்காள் நனைந்துகொண்டு போனாள்.

ஜூன் 30

கட்டிலை நகர்த்தினேன். கேட்கட்டும்.

ஜூலை 5

நேற்றிலிருந்து மழை வெறித்திருக்கிறது. தங்கபாண்டி வந்தார், வேலி ஓரம் போகாமல் என் வாசலிலேயே பீடி பற்றவைத்து நின்றார். “நான் கேட்க மாட்டேன் மேடம். ஒரு தடவை கேட்டுப் பேச்சு வாங்கியாச்சு.”

அவள் அம்மாவின் போர்வையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேலியைச் சுற்றிப் போய் அவள் வாசலில் நின்றேன். அவள் கிளிப் மாட்டி முடிக்கும்வரை திரும்பவில்லை.

“தூக்கிக்கட்டுமா?”

“எதை?”

“உன் தகரத்தை. ஓரத்தை மட்டும்.”

“எதுக்கு?”

தங்கபாண்டியும் இரண்டு ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

“ஒழுகுது.”

“எங்க?”

“எங்க வீட்ல. நான் மேல போடச் சொன்னேன். அதனால ஒழுகுது.”

அவள் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ம்மா, கேட்டுச்சா?”

உள்ளேயிருந்து இருமல். பிறகு, “கேட்டுச்சு.”

“தம்பி,” என்றாள் அவள் தங்கபாண்டியிடம். “ஜே போல்ட்டை வளைக்காமக் கழட்டுங்க. வாஷர் புதுசு போடுங்க, அதை அவ கணக்குல எழுதிக்கங்க. ஷீட்டு மேல நடக்கறப்ப ஆணி வரிசை மேலயே கால வைங்க. என் தகரம் நசுங்குச்சுன்னா உங்களைத்தான் கேட்பேன்.”

என்னைப் பார்க்கவே இல்லை. நன்றி சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்திருந்தேன். அந்தக் கஷ்டத்தை அவள் எனக்கு வைக்கவில்லை.

போல்ட்டுகள் அழுத்தமாக இறுகியிருந்தன; எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டிக் கழற்றினார்கள். ஓரத்தை மரக்கட்டையால் நெம்பி, இரண்டு ஆப்பு கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். என் தகரத்தின் ஸ்க்ரூவை எடுத்து, பழைய டேப்பைச் சுரண்டி, அடியில் தள்ளினார்கள். போகவில்லை. மறுபடி ஆப்பைத் தட்டி, தள்ளி, ஒன்றரை அலை உள்ளே போனது. மேலே சிவப்பு, கீழே பச்சை. அவள் கீழே நின்று ஒவ்வொரு போல்ட்டும் ஏறும்வரை பார்த்தாள். நான் என் பக்கம் நின்று பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே கழுத்துவலி வந்திருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் மறுபடி பிடித்துக்கொண்டது. மேற்குக் காற்றோடு சாய்ந்த மழை. ஒரு மணி நேரம் இணைப்புக்கு அடியிலேயே நின்றேன். எதுவும் இல்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன், ஒரு சொட்டுகூட இல்லை, வாங்க என்று.

அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். “அப்படித்தான் முன்னயும் சொன்ன.”

“இப்ப நிஜமாவே இல்ல.”

“அப்படியா. சரி, அந்தக் கட்டிலைச் சுவத்தோரமாப் போட்டு நீ படு. ஒரு வாரம் படு. நனையலேன்னா வரேன்.”

அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள்: “ஒரு மாசம்னு சொல்லுங்கம்மா. ஒரு வாரமெல்லாம் அவ தம் கட்டிடுவா.”

“நீ சும்மா இரு,” என்றாள் அம்மா.

ஜூலை 9

அம்மாவின் கட்டிலில்தான் படுக்கிறேன். அம்மாவுக்கு வலிக்காததெல்லாம் எனக்கு வலிக்கிறது. இரும்புச் சட்டம் விலாவில் அழுத்துகிறது. சுவரில் பழைய ஈரக்கறை ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிப் படுத்திருந்தாள் என்று தெரியவில்லை.

ஜூலை 10

இன்று சாயங்காலம் காற்று வெறி பிடித்து அடித்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேற்கு வீட்டிலிருந்து சுவரில் ஏதோ தட்டும் சத்தம். கரண்டியாக இருக்கும்.

“நனைஞ்சியா?” என்று கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

வாயில் ‘இல்லை’ தயாராக இருந்தது. எழுந்து விளக்கைப் போட்டேன். இணைப்புக்கு நேர் கீழே, பிறகு கறையின் நடுவே, பிறகு தரையை ஒட்டி, மூன்று இடத்திலும் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன்.

“என்னடி, பேச்சைக் காணோம்?”

“இரு, அக்கா. பார்த்துக்கிட்டிருக்கேன்,” என்றேன்.